ஒரு துளி புகை

செப்டம்பர் 24, புதன்

காலையில் ஜன்னலைத் திறந்ததும் மேகம் வீட்டுக்குள் வந்து, சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. கோத்தகிரியில் இந்த மாதம் இப்படித்தான். எது கனவு, எது விடிந்த பிறகு நடந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. உப்புக் குறைத்த கஞ்சி, ஒரு வாழைப்பழம். ஊறுகாய் கிடையாது, பூண்டு கிடையாது, முகத்துக்குப் பவுடர்கூடக் கிடையாது. என் நாக்குதான் என் பிழைப்பு. அதற்குக் கோயில் யானைக்கு நடக்கிற உபசாரம் நடக்கிறது.

இன்று பன்னிரண்டு கோப்பைகள். மலையில் இருக்கிற சின்ன ஃபேக்டரிகளின் தேயிலை ஏலத்துக்குப் போகுமுன் அரசுத் தரக்குழுவில் மூன்று பேர் சுவைத்துப் பார்க்கிறோம்: போஜன், நான், தலைவர் அருமைநாயகம் சார். கோப்பைக்குப் பெயர் இல்லை. அலுவலக உதவியாளர் ஃபிலோ ஒட்டுகிற எண் மட்டும்தான். உறிஞ்ச வேண்டும், வாயில் சுழற்ற வேண்டும், துப்ப வேண்டும், பத்துக்கு மார்க் போட வேண்டும். மூவரில் ஒருவர் நான்குக்குக் கீழே போட்டால்கூட அந்த வாரம் அந்தத் தேயிலை ஏலம் ஏறாது. ஒரே பருவத்தில் மூன்று முறை விழுந்தால், தை பிறக்கும்வரை அந்த ஃபேக்டரிக்குக் கதவடைப்பு.

ஏழாம் கோப்பையில் ஒரு துளி புகை இருந்தது. உலர்த்தும் இயந்திரத்தின் குழாயில் எங்கேயோ விரிசல் விட்டு, யூகலிப்டஸ் விறகின் புகை இலைமேல் படிந்த வாசனை. இதை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பி யோகன் வீட்டில் சுவைத்திருக்கிறேன். அங்கேயும் துப்பத்தான் செய்வேன், வாஷ்பேசினில். அவன் மனைவி ரஞ்சிதத்துக்கு அது பிடிக்காது. ஜூனில் யோகன் குத்தகைக்கு எடுத்த குளிர்சோலை ஃபேக்டரியின் தேயிலைதான் ஏழு. சந்தேகமே இல்லை.

‘தேயிலைத் தொழிலில் எனக்கு உறவினர் எவரும் இல்லை’ என்று ஏப்ரலில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு அது உண்மை. மாறினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. கோப்பைக்குத்தான் பெயர் இல்லையே, எனக்குத் தம்பி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். அவனும் குத்தகை விஷயத்தை எனக்கு ஃபேக்டரி திறப்புப் பூஜைக்கு முதல் நாள்தான் சொன்னான். ஊருக்கெல்லாம் தேயிலை பற்றிச் சொல்கிறவள் அக்கா. அவன் போய் யோசனை கேட்டது ரஞ்சிதத்தின் அண்ணனிடம். அது கிடக்கட்டும்.

தம்பி என்பதற்காகக் கூட்டிப் போட்டுவிடக் கூடாதே என்று கை கவனமாக இருந்தது. மூன்று போட்டேன். போஜன் ஐந்து, சார் ஆறு. நேர்மையாக இருப்பதில் ஒரு வலி உண்டு. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

பலகையில் முடிவு ஒட்டினார்கள். ஏழு, குளிர்சோலை. என் நாக்கு தவறவில்லை. சாயங்காலம் இரண்டு போர்வை துவைத்தேன். காயவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

யோகன் ஒரு சீப்பு மலைவாழையோடு வந்தான். மேகத்துக்குள் இருந்து முதலில் பழம் வந்தது, பிறகு அவன் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“யாரோ ஒருத்தர் மூணு போட்டிருக்காங்கக்கா. மத்த ரெண்டு பேரும் நல்லாத்தான் போட்டிருக்காங்க.”

“குழு விஷயம் வீட்ல பேசக் கூடாதுடா.”

“யாருன்னா கேட்டேன்? டீயில என்ன குறைன்னு சொல்லு, திருத்திக்கிறேன். இலை குடுக்கிற சனத்துக்கு இந்த வாரம் பதில் சொல்ல முடியல.”

“உன் மச்சானைக் கேளு. அவர்தானே எல்லாம் தெரிஞ்சவர்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வாழைப்பழம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுவைப்பு இல்லை. தராசு, கெட்டில், கோப்பைகள், கரண்டிகள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். “மேடம், நாக்கை நீட்டுங்க, அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடலாம். அதுதானே இங்க பெரிய ஆயுதம்” என்றாள் ஃபிலோ. போஜன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

அக்டோபர் 8, புதன்

விடியலில் ஒரு கனவு. டவுன் பஸ்ஸில் கோப்பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் கண்டக்டர். ஒவ்வொன்றிடமும் எந்த ஊர் என்று கேட்கிறேன், ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. கடைசி சீட்டில் இருந்த கோப்பை மட்டும், “அக்கா, எனக்கு அரை டிக்கெட்” என்றது. யோகன் ஆறு வயதில் பேசிய அதே குரல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எழுந்து வேலைக்குப் போனால், நான்காம் கோப்பையில் அதே புகை.

நல்ல கொழுந்து, நிறம் நன்றாக எழும்பியிருக்கிறது, நாக்கின் ஓரத்தில் பிடிக்கிற துவர்ப்பு. புகை ஒரு துளி. வேறு யாருடைய கோப்பையாக இருந்தாலும் ஐந்தரை போட்டிருப்பேன். இதைப் போன முறை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். ஆனால் ஐந்தரை என்று தோன்றுவதே தம்பிப் பாசமாக இருந்தால்? என் மனசை நான் எப்படி எடை போடுவது? குறைத்துப் போட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று.

அருமைநாயகம் சார் என் தாளை ஒரு பார்வை பார்த்தார். “தவமணியம்மா, உங்களுக்குப் புகை ஆகாது போலுக்கே.”

“ஆகாது சார்” என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜலதோஷம். தைலம் தடவ முடியாது, வாசனை மூன்று நாள் நிற்கும். வெந்நீர் ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டுப் படுத்தேன். யோகன் வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

யோகன் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்துவைத்திருந்தான். எனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று அவனுக்கு எப்போதுமே தெரியும்.

ரஞ்சிதத்தின் அண்ணன் கூடத்தில் சட்டமாக உட்கார்ந்து ஏலம், ஏற்றுமதி என்று பேசிக்கொண்டிருந்தார். ரஞ்சிதம் பலகாரத் தட்டோடு வந்து, “அண்ணி, உங்களுக்கும் ஒரு குடும்பம்னு அமைஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்து, யோகன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். யோகன் கோயமுத்தூரில் படித்த வருடங்களில் எனக்கு வந்த ஒரு வரனைப் பற்றி இவளுக்கு யார் சொன்னார்களோ. பழைய கதை. அதை இங்கே எழுத வேண்டாம்.

யோகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இலை உலர்த்துகிற ட்ரையரைப் பற்றி ஏதோ சொன்னான். இரண்டாவது முறையும் விழுந்ததில் பயந்துபோயிருக்கிறான். குழாய், புதுசு, தாழைமட்டம் என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனான். நான் ஜாங்கிரியைப் பிய்த்துப் பிய்த்து நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மத்தாப்புப் புகையும் மேகமும் கலந்து தெரு முழுக்க நிறம் நிறமாக மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவன் எப்போது எழுந்துபோனான் என்று தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

மூன்றாம் கோப்பை.

உறிஞ்சியதை வாயில் இன்னொரு முறை சுழற்றினேன். அதே துளிப் புகை. இதுவும் விழுந்தால் குளிர்சோலைக்குத் தை வரைக்கும் கதவடைப்பு. யோகனால் தாங்க முடியாது. குத்தகையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

‘இது என் தம்பியுடைய தேயிலை, நான் இதற்கு மார்க் போடக் கூடாது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு இரண்டு வாக்கியம் போதும். போஜன் திரும்பிப் பார்த்தார். “கொஞ்சம் தண்ணி” என்றேன். ஃபிலோ கொண்டுவந்தாள். இப்போது சொன்னால், முன்னே இரண்டு முறை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அப்படியே ஐந்து போட்டால், போன இரண்டுக்கும் ஏன் மூன்று என்று என் கையே என்னைக் கேட்கும். நின்றுகொண்டே யோசித்தேன். மேகம் வந்து வடக்கு ஜன்னலை மூடியது.

மூன்று போட்டேன். அதற்குப் பிறகு வந்த கோப்பைகள் எல்லாம் தூரத்தில் இருந்தன. ஒன்பதாம் கோப்பை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. சுத்தமான, வெளிச்சமான தேநீர். யார் பெற்ற பிள்ளையோ என்று மனதார ஏழு போட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

பலகையில் ஒன்பது, குளிர்சோலை.

மூன்று, தாழைமட்டம் பெண்கள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிலகம். ஏற்கப்படவில்லை.

இரண்டு முறை படித்தேன். ஃபிலோ, “என்ன மேடம், கண்ணாடி எடுத்துட்டு வரட்டுமா?” என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

யோகன் போனில் கத்தினான், சந்தோஷத்தில். “பாஸாயிடுச்சுக்கா. யாரோ ஏழு போட்டிருக்காங்க. நான்தான் தீபாவளி அன்னிக்கே சொன்னேன்ல, புது ட்ரையர் போட்டா எல்லாம் சரியாயிடும்னு. பழசைத் தாழைமட்டத்துப் பொம்பளைங்க வாங்கிட்டாங்க. குழாயில விரிசல் இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தேன். பாவம், மொத ஏலத்துலயே அவங்களுக்கு அடி.”

புகைக்கு ஊர் பேர் கிடையாது. இயந்திரம் போன இடத்துக்கு அதுவும் போயிருக்கிறது. நான் என் தம்பியைத் தண்டிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு… தண்டிக்கிறேன் என்றா எழுதினேன்? எழுதியதை அடிக்கப் போவதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் இரண்டையும் கொண்டுபோய் முன்பின் தெரியாதவர்கள் தலையில் இறக்கியிருக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

தாழைமட்டத்துக்கு நடந்தே போனேன். வழி நெடுக மேகம். பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்கும், ஆள் தெரியாது. என் காலே எனக்குப் பாதி நேரம் தெரியவில்லை. இப்படியே நடந்து வேறு யாராகவாவது போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

தகரக் கூரை போட்ட கட்டடம். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் வாசலில் நின்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மாதம்மா, அவர்களுக்குத் தலைவி. டவுனில் இருந்து வருகிறேன், தேயிலை வாங்க வந்தேன் என்றேன். இது பொய்.

“வாங்க வாங்க. வேணுங்கிற அளவு இருக்குது. ஏலத்துல வேண்டாம்னுட்டாங்க. டவுன்ல யாரோ ஒரு பெரிய நாக்கு இருக்குதாம், அதுக்குப் பிடிக்கலையாம்” என்று ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள்.

உறிஞ்சினேன், சுழற்றினேன், பக்கத்துச் சாக்கடையில் துப்பினேன். பதினெட்டு வருடப் பழக்கம், நான் நினைக்குமுன் வாய் செய்துவிட்டது. சிரிப்பு நின்றது.

“என்னங்க, நல்லா இல்லையா?” மாதம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

“சூடு” என்றேன்.

“இல்லீங்க, குறை எங்க இலையிலதான். அதனால இப்பல்லாம் இலையைக் காத்துல பரப்பி இன்னும் ரொம்ப நேரம் வாட்டுறோம். மறு வாரம் பாருங்க” என்று ஒரு தட்டில் இலையை எடுத்துக் காட்டினார். நல்ல இலையை வாட்டி வாட்டிச் சாகடித்துவைத்திருந்தார்கள். என் மூன்று மார்க்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இல்லாத குற்றத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மேகம் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. வாட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ யார் என்று கேட்டுவிடுவார்களே என்று அதைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

அருமைநாயகம் சார் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, ஜூன் மாதம், கையெழுத்து, ஏழாம் கோப்பை, நான்காம் கோப்பை, மூன்றாம் கோப்பை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தம்பிக்குக் கூட்டிப் போட்டவங்கள நான் பாத்திருக்கேன். குறைச்சுப் போட்ட ஆளை இப்பத்தான் பாக்கேன்.”

“பாசம் காட்டக் கூடாதுன்னுதான் சார்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரெண்டுலயும் கோப்பை தெரியல, தம்பிதான் தெரிஞ்சிருக்கான். உங்க நாக்குக்கு ஆள் அடையாளம் தெரியும்னு மொத நாளே எங்கிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருந்தா முடிஞ்சுபோச்சு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “கேக்கேன்னு நினைக்காதீங்க. பயமா, கோவமா?” என்றார்.

“தெரியல சார்” என்றேன். தெரியும்.

மேலிடத்துக்கு எழுதுவாராம், விசாரணை வரும். அதுவரை சுவைப்பறைக்குள் நான் போகக் கூடாது. தாழைமட்டத்தின் தேயிலையைப் புதன்கிழமை மறுபடி சுவைப்பார்கள். என் இடத்துக்குக் கோயமுத்தூரில் இருந்து ஒருவர் வருகிறார். குளிர்சோலை விழுந்த இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் அந்த வார ஏலங்கள் போனது போனதுதான்.

நவம்பர் 5, புதன்

சுவைப்பறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மூன்று பேர் உறிஞ்சுகிற சத்தம். கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. கண்ணை மூடினால் நானும் உள்ளேதான் இருந்தேன், வெள்ளைக் கோட்டோடு, கையில் கரண்டியோடு. கண்ணைத் திறந்தால் எதிரே தீயணைப்பு வாளி.

ஃபிலோ வந்து காதருகில் சொன்னாள். ஐந்து, ஆறு, ஐந்தரை. தாழைமட்டம் தேறிவிட்டது.

அந்த ஐந்தரையைப் போட்டது கோயமுத்தூர்க்காரராம்.

நவம்பர் 9, ஞாயிறு

யோகன் வந்தான். உட்காரவில்லை.

“நீதானாக்கா?”

“நான்தான்.”

“எனக்கு நீ நல்லது பண்ண வேணாம். நான் கேக்கவும் இல்லை. கெட்டது எதுக்குப் பண்ணின? அன்னிக்கு வாழைப்பழத்தோட வந்து உக்காந்து என்ன குறைன்னு கேட்டேன்ல, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல.”

நேர்மை, விதி, பாசம் என்று சொல்ல நிறைய வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “குத்தகை எடுக்கிறப்ப என்னை ஏன்டா கேக்கல? உன்னைப் படிக்க வைக்கிறப்ப என் வாழ்க்கையை ஓரமா வச்சேன். டீன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒண்ணுலகூட என்னை நீ கேக்கல.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “கேட்டா நீ குறை சொல்லுவ. எது காட்டினாலும் வாயில வச்சுட்டுத் துப்பிடுவ. எனக்குப் பயம்க்கா, சின்ன வயசுலேர்ந்தே.”

மழை பிடித்துக்கொண்டது. குடை கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் போனான். மேகத்துக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். போன பிறகும் அங்கேயே நின்றேன்.

நவம்பர் 13, வியாழன்

விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கடைக்குப் போய் எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் வாங்கினேன். இன்னும் திறக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி தாழைமட்டம். இந்த முறை வெயில். பாதை இவ்வளவு குறுகல் என்று அன்று தெரியவே இல்லை.

மாதம்மாவிடம் நேராகச் சொன்னேன். “மூணு மார்க் போட்ட ஆள் நான்தாங்க. உங்க இலையில ஒரு குறையும் இல்லை. இனிமே அப்படி வாட்டாதீங்க. ட்ரையர் குழாயில விரிசல், அதை மட்டும் அடைச்சா போதும். அது என் தம்பியோட தேயிலைன்னு நினைச்சுப் போட்டேன்.”

அவர் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். பின்னால் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அன்னிக்கே நினைச்சேன். குடிக்க வந்த ஆள் யாரும் அப்படித் துப்ப மாட்டாங்க” என்றார். “தம்பின்னா இப்படியா பண்ணுவாங்க?”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார்.

“மறுபடியும் குடிச்சுப் பாத்துப் பாஸ் பண்ணினாங்களே, அந்த டீதான். எங்களுக்கு அந்த வாரம் கூலி இல்லீங்க. இவளுங்க எல்லாம் வெறுங்கையோட வீட்டுக்குப் போனாளுங்க. இதைத் துப்பாதீங்க.”

உறிஞ்சினேன். பழக்கத்தில் வாய் அதைச் சுழற்றியது, கழுத்து சாக்கடைப் பக்கம் திரும்பப் பார்த்தது. முழுங்கினேன். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று சூடு இறங்கிக்கொண்டே போனது. தேநீர் நாக்கைத் தாண்டி இவ்வளவு தூரம் போகும் என்பதே எனக்கு மறந்திருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். ஒரு துளி புகை இருந்தது.

“எத்தன மார்க்குங்க?” என்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

“அதைச் சொல்ற வேலை எனக்கு இப்ப இல்லீங்க” என்றேன்.

“வேலை போனா போகுது, வாய் இருக்குதில்ல” என்றார் மாதம்மா.

காலி டம்ளரை அவரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டேன்.